தரை மரங்கொத்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்க மலைப்பாதைகளில் நடந்துவிட்டு வருபவர்கள் பலருக்கும் ஒரே சந்தேகம் வருகிறது. பாறை மேல் உட்கார்ந்திருந்தது, வயிறு சிவப்பாக இருந்தது, அலகு நீளமாக இருந்தது, பக்கத்தில் ஒரு மரம்கூட இல்லை. அது என்ன பறவை? பெரும்பாலும் பதில் தரை மரங்கொத்திதான். அந்தப் பறவையை எப்படி உறுதிசெய்வது, அது எப்படி வாழ்கிறது என்று வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

இது எந்த நாட்டுப் பறவை?

தென்னாப்பிரிக்கா, லெசோத்தோ, எஸ்வாத்தினி ஆகிய மூன்று நாடுகளில் மட்டுமே வாழ்கிறது. கென்யாவிலோ தான்சானியாவிலோ பார்த்த மரங்கொத்தி இதுவாக இருக்க வழியில்லை. ஜெர்மானிய இயற்கையியலாளர் யோஹான் ஃபிரெட்ரிக் க்மெலின் 1788-இல் இதை அறிவியல் முறைப்படி விவரித்தார். இன்றைய அறிவியல் பெயர் ஜியோகோலாப்டெஸ் ஒலிவேசியஸ். அந்தப் பேரினத்தில் இது ஒன்றுதான் இருக்கிறது. ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் 'க்ரோண்ட்ஸ்பெக்' என்பார்கள். வழிகாட்டிகளில் சிலர் இந்தப் பெயரையே சொல்வதுண்டு, தெரிந்து வைத்துக்கொண்டால் உதவும்.

பார்த்தவுடன் எப்படி அடையாளம் காண்பது?

முதலில் இடத்தைப் பாருங்கள், இறகின் நிறத்தை அப்புறம் பார்க்கலாம். பாறைகள் சிதறிக் கிடக்கும் புல்சரிவு, மலைக்கணவாய், கேப் பகுதியில் ஃபின்போஸ் என்று சொல்லும் குட்டைப்புதர் மண்டிய மலையடிவாரம், இவையெல்லாம் இதன் இடங்கள். அடர்ந்த காட்டுக்குள்ளோ, சவன்னாவின் முள்மரங்களிலோ, வீட்டுத் தோட்டத்திலோ மரங்கொத்தி ஒன்றைப் பார்த்திருந்தால் அது வேறு இனம்.

அளவில் ஏறக்குறைய மைனா மாதிரி. நீளம் சுமார் 25 செ.மீ., எடை சுமார் 120 கிராம். ஆப்பிரிக்க மரங்கொத்திகளில் இது பெரிய உடம்பு. தலை சாம்பல் நிறம், தொண்டை வெளிறியிருக்கும். முதுகும் சிறகும் ஆலிவ் கலந்த பழுப்பு, அதன்மேல் வெளிர் புள்ளிகள். மார்பிலிருந்து வயிறு வரை இளஞ்சிவப்பு தொடங்கி நல்ல சிவப்பு வரை ஓடும். ஒளி பக்கவாட்டில் விழும் காலை வேளையில் அந்தச் சிவப்பு தூரத்திலிருந்தே தெரியும். உச்சி வெயிலில் அதே பறவை பாறையோடு பாறையாகக் கரைந்து போகும். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தால் சொல்லவே வேண்டாம், சாம்பல் தலையும் புள்ளி முதுகும் பாசிபடிந்த கல்லின் நிறத்தோடு ஒட்டிப்போகும்.

அலகு கருப்பு, நீளம், மெல்லியது. மரத்தைப் பிளக்கும் உளியைப்போலக் கனமாக இருக்காது, நுனி வரை லேசாக வளைந்த உணர்வைத் தரும். தலையில் சிவப்புத் தொப்பியோ கொண்டையோ கிடையாது. ஆணுக்கும் கிடையாது. மரங்கொத்தி என்றதும் நாம் தேடிப் பழகிய அடையாளம் அதுதான் என்பதால், பலர் இந்தப் பறவையை மரங்கொத்தி என்றே நினைப்பதில்லை. குண்டான ஏதோ ஒரு பாறைப் பறவை என்று விட்டுவிடுகிறார்கள்.

சந்தேகமாக இருந்தால் அது பறக்கும் வரை காத்திருங்கள். பறக்கும்போது வாலுக்குச் சற்று மேலே உள்ள பகுதி, அதாவது பிட்டம், பளிச்சென்று சிவப்பாகத் தெரியும். தாழ்வாகச் சரிவோடு பறந்து அடுத்த பாறைக்குப் பின்னால் இறங்கிவிடும். பெரும்பாலும் அந்த ஒரு சிவப்புக் கீற்றைத்தான் முதலில் பார்ப்போம்.

ஆண், பெண் வித்தியாசம் தெரியுமா?

அருகில் பார்த்தால் தெரியும். அலகின் அடியிலிருந்து கன்னத்தோரம் இறங்கும் மீசைக்கோட்டில் ஆணுக்குச் சிவப்புச் சாயல் இருக்கும். பெண்ணுக்கு அந்தச் சிவப்பு இருக்காது, அலகும் சற்றுக் குட்டை. நல்ல தொலைநோக்கி இல்லாமல் இதை முடிவு செய்ய வேண்டாம். இளம்பறவைகள் மங்கலாக இருக்கும், வயிற்றுச் சிவப்பும் குறைவு.

ஆலிவ் மரங்கொத்தியோடு குழப்பம் வருகிறதே?

வரும். புத்தகத்தில் படத்தை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் சாம்பல் தலை, ஆலிவ் முதுகு, சிவப்புப் பிட்டம். ஆனால் ஆலிவ் மரங்கொத்தி காட்டுப் பறவை. மரக்கிளையில், பாசியும் லைக்கனும் படர்ந்த பட்டையில் தொற்றிக்கொண்டு இரை தேடும். உடம்பு சிறியது, ஆணின் உச்சந்தலை சிவப்பு, முதுகில் புள்ளிகள் இல்லை. தரை மரங்கொத்திக்கு முதுகில் புள்ளி உண்டு, தலையில் சிவப்பு இல்லை. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது நடக்கக்கூடியதுதான், ஏனென்றால் ஒரே மலையின் பள்ளத்தாக்கில் காடும் மேலே புல்சரிவும் இருக்கும். ஒரே கிளையிலோ ஒரே பாறையிலோ பார்க்க மாட்டீர்கள்.

கார்டினல் மரங்கொத்தியோடு குழம்ப வேண்டிய அவசியமில்லை. அது சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய பறவை, அடிவயிறு முழுக்கக் கோடுகள். நைஸ்னா மரங்கொத்திக்கு அடிப்பகுதி முழுக்கக் கரும்புள்ளிகள். இரண்டும் மரம் சார்ந்தவை. தூரத்தில் பாறை மேல் செங்காவி வயிற்றோடு உட்காரும் கேப் பாறைப்பூங்குருவியைத்தான் இதோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு அதிகம். அலகைப் பாருங்கள். பூங்குருவியின் அலகு குட்டை.

மரமே ஏறாதா?

அநேகமாக ஏறாது. வேலிக்கம்பத்திலோ குட்டைப் புதரின் கிளையிலோ உட்காருவதைக் காணலாம், ஆனால் பட்டையைக் கொத்தி இரை எடுப்பது இதன் பிழைப்பு இல்லை. தரையில் தத்தித் தத்திப் போகும். மரங்கொத்திகளுக்கே உரிய, முன்னே இரண்டும் பின்னே இரண்டுமாக அமைந்த விரல்கள் இதற்கும் உண்டு. செங்குத்தான பாறையில் தொற்றிக்கொள்ள அவை நன்றாகவே பயன்படுகின்றன. மரத்தை முரசாகத் தட்டித் தன் எல்லையை அறிவிக்கும் வேலையையும் இந்தப் பறவை குரலிடமே விட்டுவிட்டது.

என்ன சாப்பிடும்?

எறும்பு. அதிலும் வளர்ந்த எறும்பு, முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாமே. கறையான் முதலான பிற பூச்சிகள் கொஞ்சம் கிடைக்கும்போது எடுக்கும், ஆனால் சாப்பாட்டில் மிகப் பெரும்பகுதி எறும்புதான். இந்தப் பறவையின் மற்ற பழக்கங்கள் எல்லாவற்றையும் விளக்குவது இந்த ஒரு விஷயம் என்று நான் நினைக்கிறேன், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இரை தேடும் பறவையைத் தொலைவிலிருந்து தொலைநோக்கியில் பாருங்கள். தலை குனிந்து, புல்லின் அடியில், கல்லின் விளிம்பில், அலகால் லேசாகக் குத்திப் பார்த்துக்கொண்டே நகரும். ஓரிடத்தில் நின்றுவிடும். அங்கே எறும்புப் புற்று இருக்கிறது. சட்சட்டென்று சில கொத்து, மண் தெறிக்கும், அலகைப் பக்கவாட்டில் வீசி மண்ணைத் தள்ளும். பிறகு அலகை உள்ளே விட்டு அப்படியே அசையாமல் இருக்கும். பறவை சும்மா நிற்பதுபோல நமக்குத் தோன்றும் அந்த நேரத்தில்தான் உள்ளே நாக்கு வேலை செய்துகொண்டிருக்கிறது. மரங்கொத்திகளின் நாக்கைத் தாங்கும் எலும்பு மண்டையோட்டைச் சுற்றி வளைத்து ஓடுவதால் நாக்கை அலகுக்கு வெளியே வெகுதூரம் நீட்ட முடியும். ஒட்டும் எச்சில் பூசிய அந்த நாக்கு எறும்பு வளைகளுக்குள் புகுந்து, எறும்பையும் புழுவையும் ஒட்டியெடுத்துக்கொண்டு திரும்பும். பலமுறை இது நடக்கும். நல்ல புற்றாக இருந்தால் பறவை அங்கேயே நெடுநேரம் நிற்கும். அது கிளம்பிய பிறகு போய்ப் பார்த்தால் சிறு குழிகளும், கிளறிய மண்ணும், குழம்பி ஓடும் எறும்புகளும் தெரியும்.

இதனால்தான் உயரமான, நெருங்கிய புல்லைவிட, மேய்ந்தோ எரிந்தோ குட்டையாகிப்போன தரை இதற்குப் பிடிக்கிறது. அண்மையில் தீப்பட்டுக் கருகிய சரிவில் இதைப் பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம். எறும்பு மண்ணுக்கடியில் பிழைத்திருக்கும், மறைக்கும் புல் போயிருக்கும்.

குரல் எப்படி இருக்கும்?

கரகரப்பான, உரத்த அலறல். 'பீ-யார்ர்' என்று இரண்டு பகுதியாக, இறுதி இழுபட்டு உடைந்ததுபோல ஒலிக்கும். பள்ளத்தாக்கின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை கேட்கும். முதல்முறை கேட்பவர்கள் பறவைக் குரல் என்றே நம்புவதில்லை. இதைத் தேடுபவர்கள் கண்ணைவிடக் காதை நம்ப வேண்டும். குரல் வந்த திசையில் இருக்கும் பாறைகளின் உச்சிகளை ஒவ்வொன்றாகத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டே வாருங்கள், சரிவின் நடுப்பகுதியைத் துழாவி நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஏன் உச்சிகளை?

காவல் இருக்கும் பறவை அங்கேதான் உட்காரும். ஜோடியாகவோ, ஐந்தாறு பறவைகள் கொண்ட குடும்பமாகவோதான் இவை வாழ்கின்றன. தலையைக் குனிந்து அலகை மண்ணுக்குள் விட்டிருக்கும் பறவைக்கு வானம் தெரியாது. திறந்த மலைச்சரிவில் ஒளிய மரமும் இல்லை, மேலே கழுகும் வல்லூறும் சுற்றுகின்றன. அதனால் மற்றவை மேயும்போது ஒன்று உயரமான பாறையில் நின்று சுற்றிலும் பார்க்கிறது. ஆபத்து என்றால் குரல் கொடுக்கும், எல்லாம் பாறைகளுக்குப் பின்னால் மறையும். நீங்கள் நெருங்கும்போதும் இதுவே நடக்கும். பாறைக்கு மேலே தலையை மட்டும் நீட்டி உங்களைப் பார்க்கும் பறவையைக் கண்டால், கீழே இன்னும் சில இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். பதற்றம் தணிந்தால் தானாகவே மேயத் தொடங்கும்.

கூடு எங்கே கட்டும்?

மண்ணுக்குள். ஆற்றங்கரை, மழைநீர் அரித்த ஓடைக்கரை, சாலைக்காக வெட்டிய மண்சரிவு என்று செங்குத்தான மண்சுவர் ஒன்று வேண்டும். ஆணும் பெண்ணும் சேர்ந்து அலகால் குடைந்து, ஒரு மீட்டர் வரை நீளும் சுரங்கம் அமைக்கும். அதன் முடிவில் சுமார் 15 செ.மீ. அகலத்தில் ஓர் அறை. பெரும்பாலும் மூன்று முட்டைகள், பளபளக்கும் வெள்ளை. இருட்டறையில் முட்டையிடும் மற்ற மரங்கொத்திகளைப் போலவே இதன் முட்டைக்கும் மறைக்கும் நிறம் தேவைப்படவில்லை. தாயும் தந்தையும் மாறி மாறி அடைகாக்கின்றன. ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில், அதாவது தென்கோளத்தில் குளிர்காலம் விலகும் நேரத்தில், முட்டையிடுவது அதிகம். குஞ்சுகள் பறக்கத் தொடங்கிய பிறகும் உடனே பிரிவதில்லை. அடுத்த இனப்பெருக்க காலம் வரை பெற்றோருடன் சேர்ந்தே திரியும். நீங்கள் பார்க்கும் சிறு கூட்டம் பெரும்பாலும் இப்படி உருவான குடும்பம்தான்.

இரவில் தங்குவதும் இத்தகைய வளைகளிலோ பாறை இடுக்குகளிலோதான். டிராக்கன்ஸ்பெர்க் மலையில் குளிர்காலத்தில் பனி பெய்யும். மண்ணுக்குள் ஒரு மீட்டர் உள்ளே இருப்பது அந்தக் குளிரில் பெரிய விஷயம்.

மண்சுவரில் பொந்து தெரிந்தது. அது இதனுடையதுதானா?

பொந்தை மட்டும் வைத்துச் சொல்லிவிடாதீர்கள். அதே பகுதிகளில் பைட் ஸ்டார்லிங் என்னும் மைனா இனப் பறவையும் மண்கரையில் குடைந்து கூடு வைக்கும். மீன்கொத்திகளும் அப்படியே. எந்தப் பறவை உள்ளே போகிறது என்று தொலைவிலிருந்து கவனிப்பது ஒன்றே நம்பகமான வழி. கையையோ குச்சியையோ விட்டுப் பார்ப்பது கூடவே கூடாது. மண் சரிந்தால் உள்ளே இருக்கும் குஞ்சுகளுக்கு வேறு வாசல் இல்லை.

எங்கே போனால் பார்க்கலாம்?

கேப் டவுனில் இறங்குபவர்களுக்கு ரூயி எல்ஸ் மிக வசதியான இடம். நகரிலிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரம். கடலோரமாக ஊரைத் தாண்டிப் போகும் மண்பாதையில் நடந்தால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பாறைச்சரிவு. மலைப்பறவை என்று சொன்னேன், ஆனால் இங்கே கடல் மட்டத்தை ஒட்டியே இது வாழ்கிறது. கேப் ராக்ஜம்பர் என்ற அரிய பறவைக்காக உலகெங்கிலுமிருந்து வருபவர்கள் நடக்கும் அதே பாதைதான், இரண்டையும் ஒரே காலையில் பார்த்துவிட முடியும். பபூன் குரங்குகள் உண்டு. சாப்பாட்டுப் பையைக் கீழே வைக்காதீர்கள்.

கிழக்கில் டிராக்கன்ஸ்பெர்க். டர்பன் பக்கம் வாழும் தமிழர்களுக்கும், அங்கே உறவினரைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் சானி கணவாய் எட்டும் தூரம். கணவாயின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 2,800 மீட்டருக்கும் மேல், அங்கே லெசோத்தோ எல்லை. கடவுச்சீட்டு வேண்டும், நான்கு சக்கர இயக்க வண்டி இல்லாமல் மேலே விடமாட்டார்கள். சொந்த வண்டி இல்லாதவர்கள் கீழே அண்டர்பெர்க், ஹைம்வில் ஊர்களிலிருந்து கிளம்பும் சுற்றுலா வண்டியில் போகலாம். ஆனால் பறவை பார்ப்பதற்காக என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் எங்கும் நிறுத்தாமல் உச்சிக்குக் கொண்டுபோய் விடுவார்கள். கோல்டன் கேட் தேசியப் பூங்கா, வாக்கர்ஸ்ட்ரூம் சுற்றுவட்டாரம் ஆகியவையும் நல்ல இடங்கள்.

நேரம் அதிகாலைதான். காற்று எழும்புவதற்கு முன் போனால் குரல் தெளிவாகக் கேட்கும். இது வலசை போகும் பறவை இல்லை, ஆண்டு முழுதும் அங்கேயே இருக்கும்.

குரல் பதிவைக் கைப்பேசியில் போட்டு வரவழைக்கலாமா?

வேண்டாம். குடும்பமாக மேயும் பறவைகளுக்கு அது அந்நியக் குடும்பம் ஒன்று எல்லைக்குள் நுழைந்த செய்தி. மேய்ச்சலை விட்டு, குஞ்சுக்கு உணவு கொண்டுபோவதை விட்டு, வந்து கத்தும். ரூயி எல்ஸ் போன்ற இடத்தில் வாரந்தோறும் பலர் நடக்கிறார்கள், ஒவ்வொருவரும் ஒருமுறை போட்டாலும் அங்கே இருக்கும் அதே ஓரிரு குடும்பங்கள்தான் அதைத் தாங்க வேண்டும். பொறுமையாக உட்கார்ந்தாலே தெரியக்கூடிய பறவை இது.

அழிந்துவரும் இனமா?

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் 'அச்சுறுத்தலை நெருங்கும் நிலை'யில் வைத்திருக்கிறார்கள். ஊரெல்லாம் தெரிந்த, சாதாரணமான பறவை என்று கருதப்பட்டதற்கு இந்த நிலை. தென்னாப்பிரிக்காவில் பறவைகளின் பரவலைக் கணக்கெடுக்கும் பெரும் திட்டம் இருமுறை நடந்திருக்கிறது. முதலாவதன் முக்கியக் களப்பணி 1987 முதல் 1991 வரை. இரண்டாவது 2007-இல் தொடங்கி இன்றும் தொடர்கிறது. இரண்டையும் ஒப்பிட்டபோது, முன்பு பதிவான பல இடங்களில் இந்தப் பறவை குறைந்திருப்பது தெரிந்தது.

குளிர்ந்த மலைச்சரிவை நம்பிய பறவைக்கு வெப்பம் ஏறினால் மேலே நகர்வதுதான் வழி. ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலேயே மிக உயர்ந்த சிகரமான, லெசோத்தோவில் உள்ள தபானா என்ட்லென்யானாவே 3,482 மீட்டர்தான். அதற்கு மேல் மலை கிடையாது. எனக்கு இந்தப் பறவையைப் பற்றி இருக்கும் கவலையில் இதுவே முதன்மையானது. புல்வெளிகள் மரத்தோட்டங்களாக மாறுவதும் சேர்ந்துகொள்கிறது. பைன் மரங்கள் வரிசையாக நட்ட சரிவில், பெயரில் மரம் இருந்தும், இந்த மரங்கொத்திக்கு இடமில்லை.

உலகில் தரையில் வாழும் மரங்கொத்தி இது ஒன்றுதானா?

இல்லை. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் ஆண்டியன் ஃப்ளிக்கர் என்ற மரங்கொத்தி ஏறக்குறைய இதே வாழ்க்கையை வாழ்கிறது. மரமில்லாத உயர்நிலம், தரையில் இரை தேடல், மண்கரையில் சுரங்கக் கூடு. தென்னமெரிக்காவின் தாழ்நிலப் புல்வெளிகளில் காம்போ ஃப்ளிக்கர் என்ற இன்னொரு மரங்கொத்தியும் தரையில் மேயும். இவற்றுக்கும் நம் பறவைக்கும் நெருங்கிய உறவில்லை. தரை மரங்கொத்தியின் நெருங்கிய சொந்தம் ஆப்பிரிக்காவின் காம்பெதெரா பேரின மரங்கொத்திகள், அவையும் எறும்பை விரும்பித் தின்பவை. மரத்திலேயே எறும்பு தின்று பழகிய வம்சத்தில் ஒரு கிளை, எறும்பைத் தேடி முழுசாகத் தரைக்கு இறங்கிவிட்டது என்று பார்த்தால் எல்லாம் பொருந்தி வருகிறது.

பார்த்ததை எங்கே பதிவு செய்வது?

இபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதியலாம், பலருக்கும் பழக்கமானது. தென்னாப்பிரிக்காவிலேயே இருப்பவர்கள் அந்த இரண்டாவது கணக்கெடுப்பில் சேர்ந்துகொள்வது இன்னும் நல்லது. பேர்ட்லாஸர் என்ற கைப்பேசிச் செயலி மூலம் செய்யலாம். நிலப்பரப்பைப் பென்டாட் எனப்படும் சிறு கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள், ஒவ்வொன்றும் அட்சத்திலும் தீர்க்கத்திலும் ஐந்து நிமிடப் பாகை, அதாவது ஒரு பாகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஒரு கட்டத்துக்குள் குறைந்தது இரண்டு மணி நேரம் சுற்றி, பார்த்த, கேட்ட எல்லா இனங்களையும் வரிசைப்படி பதிய வேண்டும். தரை மரங்கொத்தி கிடைக்காமல் போன நாளின் பட்டியலையும் அனுப்புங்கள். எத்தனை பட்டியலில் இருக்கிறது, எத்தனையில் இல்லை என்ற விகிதத்தை வைத்துத்தான் கூடுகிறதா குறைகிறதா என்று கணிக்கிறார்கள். பறவை இருக்கும் நாளை மட்டும் பலர் பதிந்துவிட்டு இல்லாத நாளை விட்டுவிடுவதால் கணக்கு பிசகுகிறது.